மழையில் நிற்க ஒரு மண்குதிரை: முதல்முறை செய்பவர்களுக்கு

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனார் கோயில் திடல் ஒன்றுக்குப் போனால், மண்குதிரை வரிசையை முன்னாலிருந்து பின்னால் வரை நடந்து பாருங்கள். முன்னால் நிற்பது அண்மையில் நேர்ந்து வைத்த குதிரை. காவியும் வெள்ளையும் பளிச்சென்று இருக்கும். அதற்குப் பின்னால் சாயம் போனவை, காது போனவை, தலை விழுந்தவை. கடைசியில் மரவேர்களுக்கு நடுவே நான்கு குழாய்க் கால்களும் சில ஓட்டுத் துண்டுகளும் மட்டும் கிடக்கும். யாரும் எதையும் ஒட்டவைப்பதில்லை, அள்ளி வெளியே போடுவதும் இல்லை. நேர்ந்துகொண்டவர் குதிரையைக் கொண்டுவந்து விட்டதோடு நேர்த்தி முடிந்தது. அதற்கப்புறம் அது வெயிலுக்கும் மழைக்கும் உரியது.

காலத்தையும் அழிவையும் பொருளாகக் கொண்டு சிற்பம் செய்ய நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சுடுமண் குதிரை செய்து, வீட்டுக் கொல்லையிலோ தோட்டத்திலோ மழைக்கு விடும் வரைக்குமான வேலை இங்கே இருக்கிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கைப்பிழையால் உடைவது வேறு, காலத்தால் தேய்வது வேறு. சூளையில் வெடித்த குதிரை காலத்தைப் பற்றி எதையும் சொல்லாது, அவசரத்தைப் பற்றித்தான் சொல்லும்.

குதிரை எங்கிருந்து வந்தது

குதிரை இந்த மண்ணின் விலங்கல்ல. கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் குதிரைகள் இறக்குமதியானதை மார்க்கோ போலோவும் எழுதியிருக்கிறார். அரசனும் அவன் படையும் ஏறிய அந்த விலையுயர்ந்த விலங்குதான், இரவில் ஊர்க்காவல் சுற்றும் அய்யனாருக்கு வாகனமானது. குடியானவன் வாங்க முடியாத குதிரையைக் குளத்து மண்ணில் செய்து கொடுத்தான். பின்னால் அதிகாரத்தின் முகம் மாறியபோது உருவங்களும் மாறின. தொப்பியும் துப்பாக்கியுமாகச் சிப்பாய்கள் காவல் நிற்கும் கோயில்கள் இருக்கின்றன. இப்போது பல ஊர்களில் மண்குதிரை இருந்த இடத்தில் எனாமல் பூசிய சிமென்ட் குதிரை நிற்கிறது. சிமென்ட் வந்ததால் பொருள் மட்டும் மாறவில்லை. மறுபடி மறுபடி புதிதாகச் செய்து கொடுப்பது என்ற பழக்கமே நின்றுபோகிறது. இது பெரிய இழப்பு என்பதே நம் எண்ணம்.

குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் பிரம்மாண்டமான குதிரையைப் பார்த்துவிட்டு வருபவர்கள் குழம்பிக்கொள்ள வேண்டாம். மாசி மகத்தில் காகித மாலைகளால் மூடப்படும் அந்தக் குதிரை நிலைத்து நிற்கவென்றே எழுப்பிய கட்டுமானம். இங்கே பேசுவது புரவி எடுப்புத் திருவிழாவில் தோளில் சுமந்து வரும் மண்புரவியை (புரவி என்றால் குதிரை).

அந்தப் புரவியைச் செய்பவர்கள் மண்பாண்டத் தொழில் செய்யும் வேளார்கள். ஊரார் பிடிமண், அதாவது ஒரு கைப்பிடி மண், எடுத்துக் கொடுத்தபின்தான் வேலை தொடங்கும். சூளையிலிருந்து இறக்கி, வண்ணம் பூசி, கடைசியில் கண் வரைந்து 'கண் திறப்பார்கள்'. அந்தச் சடங்கு ஊருடையது, வேளாருடையது. நீங்கள் செய்யும் சிற்பத்தை யாரையும் கேட்காமல் கோயில் வரிசையில் கொண்டுபோய் வைக்காதீர்கள். அங்கே கிடக்கும் உடைந்த தலையை அழகாக இருக்கிறதென்று எடுத்துவரவும் கூடாது. அது குப்பையில்லை, ஒருவருடைய நேர்த்தி.

மண்

குளத்து மண்தான் நல்லது. ஆனால் கண்மாயில் மண் அள்ள அனுமதி வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல்முறை செய்பவர்கள் பக்கத்தில் உள்ள மண்பாண்டத் தொழிலாளியிடம் 20 கிலோ குழைத்த மண் வாங்கிக்கொள்வது உத்தமம். குதிரைக்கு 12, 13 கிலோ போகும். மீதி ஒட்டுவேலைக்கும் சோதனைக்கும்.

நீங்களே எடுப்பதானால் மூன்று சோதனைகள். பென்சில் பருமனுக்குத் திரி உருட்டி விரலில் சுற்றுங்கள். விரியாமல் சுற்றினால் பசை போதும். வெடித்தால் மணல் அதிகம். அடுத்து, காய்ந்த கட்டியில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். பொசுபொசுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சுண்ணாம்புக்கல் சூளையில் நீறி, அப்புறம் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருக்கும். சூளையிலிருந்து முழுசாக வந்த குதிரை பத்து நாள் கழித்துத் தோல் தோலாகத் தெறிப்பது இதனால்தான். அந்த மண்ணை விட்டுவிட்டு வேறு பார்க்கலாம். மூன்றாவது சுருக்கச் சோதனை. கலவை தயாரானதும் ஒரு பட்டையில் சரியாக 10 செ.மீ. கோடு கீறி நிழலில் காயவிட்டு அளந்து பாருங்கள். 9.2 வந்தால் சுருக்கம் 8 சதவீதம். 9க்குக் கீழே போனால் மணல் கூட்டுங்கள். இந்த எண் பின்னால் தேவைப்படும்.

மண்ணை நன்றாகக் காயவைத்து, இடித்து, தண்ணீரில் 2, 3 நாள் ஊறப்போட்டு, கொசுவலையில் வடித்துக்கொள்ளுங்கள். தெளிந்த நீரை இறுத்துவிட்டு, துணியில் கொட்டிக் கெட்டியாக்க வேண்டும். கலவை அளவு: மண் 10 பங்கு, ஆற்றுமணல் 3 பங்கு, உமி 2 பங்கு, கன அளவில். மணல் சுருக்கத்தைக் குறைக்கும். உமி சூளையில் எரிந்து நுண்துளைகளை விட்டுப்போகும். நீராவி அந்த வழியாக வெளியேறும். காலால் மிதித்துக் குழைப்பதுதான் சரி, கைக்கு இந்தக் கலவை அடங்காது. ஓரிடம் மணலாகவும் இன்னோரிடம் வழவழப்பாகவும் இல்லாமல் ஒரே சீராகும் வரை மிதியுங்கள். பிறகு ஈரச்சாக்கில் சுற்றி ஒரு வாரம் போட்டுவையுங்கள்.

மணிமாலை, கடிவாளம், கண் போன்ற நுண்வேலைக்கு உமி கலந்த மண் ஆகாது. அதற்குக் கொஞ்சம் மண்ணைத் தனியே எடுத்து, சலித்த மணல் மட்டும் 10க்கு 3 சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மணலே போடாத வெறும் களிமண்ணில் மாலை செய்து ஒட்டினால் அது உடம்பைவிட அதிகமாகச் சுருங்கி, மணி மணியாக உதிரும்.

கால்கள்

ஈரத்தில் மொத்த உயரம் 20 அங்குலம்: கால் 8, உடம்பு 5, கழுத்தும் தலையும் 7. காய்ந்து சுட்டு வரும்போது பதினெட்டரை, பதினெட்டாக இறங்கும்.

வெளிவிட்டம் 6 செ.மீ. அளவுள்ள பிளாஸ்டிக் குழாயில் செய்தித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். உமி மண்ணை 1.3 செ.மீ. கனத்தில் தட்டி, 8 அங்குல உயரமும் 9 அங்குல அகலமுமான பட்டையாக வெட்டிக் குழாயைச் சுற்றுங்கள். சேரும் இரு விளிம்பையும் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பு தடவி, அழுத்தித் தேய்த்து மூட வேண்டும். மேலுக்கு மட்டும் தடவி மூடிய மூட்டு காயும்போது நிச்சயம் திறக்கும். அரைமணி நேரத்தில் குழாயை உருவிவிடுங்கள். மண் சுருங்கும், குழாய் சுருங்காது. மறந்து இரவு முழுக்க விட்டால் காலையில் காலில் நெடுக ஒரு வெடிப்பு இருக்கும். ஒவ்வொரு காலின் அடியும் திறந்தே இருக்கட்டும்.

நான்கு கால்களையும் ஒரு நாள் நிழலில் விடுங்கள். நகம் பட்டால் தடம் விழ வேண்டும், விரல் அமுங்கக் கூடாது. அதுதான் பாரம் தாங்கும் பதம்.

உடம்பு

கால்களை நிறுத்தும் இடத்தில் அரை அங்குலம் காய்ந்த மணல் பரப்பிக்கொள்ளுங்கள். இதைத் தவறவிடவே கூடாது. 13 அங்குல உடம்பு காயும்போது ஏறக்குறைய ஓர் அங்குலம் குறுகும். அப்போது நான்கு பாதங்களும் உள்நோக்கி நகர வேண்டும். மணலில் நின்றால் நகரும். சிமென்ட் தரையில் ஒட்டி நின்றால் நகராது. தொடை மூட்டில் நான்கு இடத்திலும் கிழியும். குதிரை ஏன் இடுப்பில் உடைந்தது என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் மூட்டை ஒழுங்காகத்தான் ஒட்டியிருப்பார்கள். தவறு பாதத்துக்கு அடியில் இருக்கும்.

கால்களுக்கு இடையே வயிற்றுக்கு முட்டு வேண்டும். இரண்டு செங்கல்லை அடுக்கி, மேலே பழைய செய்தித்தாள்களைக் கட்டாகக் கட்டாமல் தாள் தாளாக அடுக்கிக் கால் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கால்கள் சுருங்கி உயரம் குறையக் குறைய, தினமும் சில தாள்களை உருவிவிட வேண்டும். செங்கல்லை மட்டும் வைத்தால் அது வயிற்றை மேலே தள்ளிப் பிளந்துவிடும்.

கால்களின் மேல் 13க்கு 6 அங்குலப் பட்டையை விரித்து, ஒவ்வொரு காலுக்கு நேராகவும் வட்டமாகத் துளையிட்டு ஒட்டுங்கள். காலின் உட்கூடும் வயிற்றின் உட்கூடும் ஒரே காற்றுவழியாக இருக்க வேண்டும். வயிற்றின் நடுவில் இரண்டு விரல் போகும் துளை ஒன்றும் வேண்டும். இனி சுவர். சுண்டுவிரலைவிடச் சற்றுப் பருமனான திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்து வைத்து, உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே தட்டுப்பலகையால் தட்டி எழுப்புங்கள். தட்டுவது வடிவத்துக்காக மட்டுமில்லை. திரிகளுக்கு இடையே உள்ள காற்றை வெளியேற்றி மண்ணை நெருக்குகிறது. ஒரே மூச்சில் மூன்று திரிக்கு மேல் ஏற்றாதீர்கள். கீழ்ச்சுவர் கொஞ்சம் இறுகட்டும். இரவில் மேல்விளிம்பை மட்டும் ஈரத்துணியால் மூடி வையுங்கள். அது காய்ந்துவிட்டால் மறுநாள் வைக்கும் திரி பிடிக்காது.

முதுகை மூடும் முன் கையை உள்ளே விட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள். எங்காவது இரண்டு செ.மீ. கனம் தட்டுப்பட்டால் சுரண்டிவிடுங்கள். கனமும் மெலிவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அந்த எல்லையில்தான் விரிசல் விழும்.

கழுத்து, தலை, அணி

அய்யனார் குதிரையின் கழுத்து நேராக நிமிர்ந்திருக்கும், மார்பு முன்தள்ளியிருக்கும். அழகுக்கும் அதுதான் நல்லது, பாரத்துக்கும் அதுதான் நல்லது. இயற்கைக் குதிரை மாதிரி கழுத்தை முன்னால் நீட்டிச் செய்யப் பார்ப்பவர்களுக்குத் தலை ஒரு மணி நேரத்தில் தொங்கிவிடும். கழுத்தைத் திரிவைத்தே எழுப்பி, தலையைத் தனியே உள்ளீடற்ற கூடாகச் செய்து, இரண்டும் ஒரே பதத்தில் இருக்கும்போது கீறிக் குழம்பு தடவிச் சேருங்கள். காய்ந்த கழுத்தில் பச்சைத் தலையை ஒட்டக் கூடாது.

வாய் திறந்திருக்கட்டும். பல்லும் நாக்கும் தெரியட்டும். அது கோபமல்ல, ஓடி நின்ற குதிரையின் மூச்சு. வாய்த்துளை உட்கூட்டோடு சேர்ந்தால் இன்னொரு காற்றுவழியும் ஆயிற்று. மணிமாலை, சேணம், நெற்றிப்பட்டம், தாமரைப்பூ எல்லாம் ஒவ்வொன்றாகக் கீறி ஒட்டுங்கள். காதை மெலிதாகச் செய்யாதீர்கள். அடியில் கட்டைவிரல் பருமன் வேண்டும். காது எப்படியும் முதலில் போகும், ஆனால் அதை மரக்கிளை முறிக்கட்டும், தூக்கும்போது உங்கள் கை முறிக்க வேண்டாம்.

உங்கள் குதிரை எதைச் சுமக்கிறது என்பது உங்கள் முடிவு. சேணத்துக்குப் பதில் பால்கேன், மணிக்குப் பதில் சாவிக்கொத்து என்று இன்றைய அடையாளங்களைச் செதுக்குபவர்கள் ஓர் அளவோடு நிறுத்துங்கள். ஒன்று போதும். மழை ஒவ்வொன்றாகத் தேய்க்கும்போது எது முதலில் அடையாளம் தெரியாமல் போகிறது என்பதைப் பார்ப்பதற்காகவே அந்த ஒன்றை மேடாக, தெளிவாகச் செய்யுங்கள்.

காயவிடுதல்

நிழலில் 12 முதல் 15 நாள். முதல் நான்கு நாள் முழுக்க மெல்லிய துணி மூடியிருக்கட்டும். காது, வால், மூக்கு நுனிகளைச் செய்தித்தாளால் தனியே சுற்றிவையுங்கள், அவை முந்திக் காயும். மின்விசிறிக் காற்று ஒரு பக்கம் படக் கூடாது. கடைசி இரண்டு நாள் வெயில். வயிற்றுத் துளையில் விரலை விட்டுத் தொடுங்கள். சில்லென்றிருந்தால் ஈரம் இருக்கிறது. வெளியே தொட்டுப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். வெளித்தோல் காய்ந்து மூன்று நாளானபின்னும் தொடை மூட்டுக்குள் ஈரம் நிற்கும்.

சூளை

ஐப்பசி, கார்த்திகையில் சூளை வைக்க வேண்டாம். தை முதல் ஆனி வரை நல்ல காலம். நகரத்தில் இருப்பவர்கள் வேளார் ஒருவரிடம் கூலி கொடுத்து அவர் சூளையில் வைத்துக்கொள்வதே சரி. இடம் இருந்தால் திறந்தவெளிச் சூளை போடலாம்.

ஒரு குதிரைக்குக் குறைந்தது 100 எருவாட்டி (சில ஊர்களில் வரட்டி), ஒரு சாக்கு கொட்டாங்குச்சி, மூன்று கட்டு வைக்கோல், ஒரு சாக்கு உமி. நாலடி வட்டத்தில் காய்ந்த மண்ணைச் சமன்செய்து, செங்கல் துண்டுகளைப் பரப்பிக் குதிரையை நிறுத்துங்கள். முதல் மூன்று மணி நேரம் சுற்றிலும் ஓரடி தள்ளிச் சிறு கனல் மட்டும், கை பொறுக்கும் சூடு. மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போக இந்த நேரம் வேண்டும். சூளை வைத்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் 'டப்' என்று கேட்டால் காரணம் இதுதான், அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

பிறகு எருவாட்டியையும் கொட்டாங்குச்சியையும் குதிரை முழுக்க மறையும் வரை அடுக்கி, இடைவெளியில் உமி போட்டு, மேலே வைக்கோல் போர்த்தி, சேற்றுமண்ணால் மெழுகுங்கள். உச்சியில் நாலைந்து புகைத்துளை. அடியில் நான்கு பக்கமும் பற்றவையுங்கள், காற்று இல்லாத மாலை நேரத்தில். 500, 600 டிகிரியைத் தாண்டும்போதுதான் மண் திரும்பக் கரையாத பொருளாக மாறுகிறது. நன்றாகப் போட்ட திறந்தவெளிச் சூளை 700க்கு மேல் போகும். இரவில் துளை வழியே பார்த்தால் குதிரை செம்பழமாகத் தெரிய வேண்டும். மங்கலான கருஞ்சிவப்போடு நின்றுவிட்டால் வேகவில்லை.

மறுநாள் மதியம் வரை தொடாதீர்கள். ஆவலில் காலையில் மெழுகைப் பிரித்தால் குளிர்காற்று பட்டு மார்பில் மெல்லிய கோடு விழும், சில வேளை கண்ணுக்கே தெரியாது. விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் முழுசு, பொத்தென்றால் எங்கோ வெடிப்பு. உடம்பில் கருந்திட்டுகள் இருந்தால் அவை பிழையல்ல, அங்கே காற்று எட்டாமல் புகை படிந்திருக்கிறது. விட்டுவிடுங்கள்.

வண்ணம்

சுண்ணாம்பு வெள்ளை, காவி, விளக்குக்கரி. இந்த மூன்றும் போதும். சுண்ணாம்பைப் பால் பதத்தில் இரண்டு முறை பூசி, அது காய்ந்தபின் மற்றவை. இரண்டு மழைக்காலத்தில் போய்விடும், போகவேண்டும். எனாமல் பூசாதீர்கள். குதிரை உள்ளிருந்தும் அடியிலிருந்தும் ஈரம் குடிக்கும். வெளியே எனாமல் அடைத்துக்கொண்டால் ஈரமும் உப்பும் பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து, பெயர்ந்து விழும்போது சுட்ட தோலையும் பிய்த்துக்கொண்டு போகும். அது தேய்வதில்லை, உரிவது.

மழைக்கு விடுதல்

கூடவே இன்னொன்று செய்யுங்கள். மிஞ்சிய மண்ணில் நான்கு அங்குலக் குதிரை ஒன்று, சுடாமல், நன்றாகக் காய்ந்தது. இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். முதல் கனமழையில் சின்னது முதலில் முகத்தை இழக்கும். பிறகு முதுகு சரிந்து, நனைந்த கால்கள் மடங்கி, மழை விடும்போது வெறும் குவியல். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்று கேட்பது எதற்கென்று அப்போது கண்ணால் தெரியும். பக்கத்தில் பெரியது நனைந்து கருத்து நிற்கும். ஒரே மண், ஒரு இரவு நெருப்பு மட்டும் வித்தியாசம். ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளும் கீழடியின் ஓடுகளும் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் தாங்கியது அந்த நெருப்பால்தான். சுட்ட மண் எளிதில் அழியாது, உருவம்தான் அழியும்.

பெரிய குதிரையை நேரடியாகத் தரையில் நிறுத்துங்கள், பீடம் வேண்டாம். காலில் தேய்வு எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். தரையைத் தொடும் இடத்தில் அல்ல, அதற்கு இரண்டு மூன்று விரல் மேலே. தரை ஈரம் காலுக்குள் ஏறி, காற்றுப்படும் இடத்தில் உலர்ந்து, தன் உப்பை அங்கே விட்டுப்போகும். உப்பு பூத்த இடம் பொருபொருவென்று உதிரும். கடற்கரை ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் பக்கத்தில் முதலில் பச்சைப்பாசி, பிறகு கருப்பு. உட்கூட்டில் எறும்பும் குளவியும் குடிவரும். அவற்றை விரட்டாதீர்கள்.

மாதம் ஒரு படம் எடுங்கள், அதே இடம், அதே உயரம், காலை அதே நேரம். நிற்கும் இடத்தில் ஒரு கல்லைப் புதைத்துவையுங்கள், இல்லையென்றால் ஆறாம் மாதம் கோணம் மாறிவிடும். கழுவ வேண்டாம், ஒட்ட வேண்டாம், பாசியைச் சுரண்ட வேண்டாம்.

கற்றுக்கொள்ள நேரில் போக விரும்புவோர் மானாமதுரைக்குப் போகலாம். அவ்வூர் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புதுச்சேரி வில்லியனூரும் சுடுமண் வேலைக்குப் பேர்போனது. அங்கே இந்தக் கலையைச் செய்துவரும் வி. கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. போனால் பேச்சைவிடக் கையைப் பாருங்கள், தட்டுப்பலகை எந்தச் சாய்வில் இறங்குகிறது என்பதைக் குறிப்பாக.

உங்கள் தோட்டத்துக் குதிரையிலிருந்து காதோ வாலோ விழுந்தால் அங்கேயே கிடக்கட்டும். உருத்தெரியாமல் போன ஓடுகளை மட்டும் எடுத்து, இடித்து, அரிசி நொய் அளவுக்குச் சலித்து வையுங்கள். அடுத்த குதிரையின் கால்களுக்கு மண் குழைக்கும்போது 10 பங்குக்கு 1 பங்கு சேர்த்து, மணலை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே சுட்டது என்பதால் அது இனிச் சுருங்காது.